தன்னைக் காட்டாத இருட்டு

ஆடித்தபசு அன்று ராத்திரி எட்டே முக்காலுக்கு என் அலுவலகத் திரையில் ஒரு தெருவே செத்துப்போனது. சங்கரன்கோவிலில் விசைத்தறிக்காரர்கள் குடியிருக்கும் தெரு. ஒரே போர்ட்டில் 61 வீட்டு இணைய இணைப்பு. அதில் 58 சிவப்பு, 3 பச்சை.

கோயில் பக்கம் நிற்க இடமில்லாத கூட்டம். தோரணம் கட்ட, சீரியல் லைட் போட என்று ஒரு வாரமாக யார் யாரோ எங்கள் கம்பங்களில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். எவனோ ஃபைபரை அறுத்துவிட்டான் என்று நானே முடிவு கட்டினேன். அறுந்திருந்தால் 61-உம் போயிருக்க வேண்டுமே, அந்த 3 பச்சை எப்படி என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்தத் திரையின் மென்பொருளில் சில பச்சைகள் மெதுவாகத்தான் சிவப்பாகும் என்பது என் அனுபவம். அதனால் கண்ணெதிரே இருந்த தடயத்தை நானே தள்ளிவிட்டேன்.

ஃபைபர் ஒட்டும் எங்கள் ஸ்ப்ளைஸர் அண்ணாச்சி கூட்டத்துக்குள் வண்டியை உருட்டிக்கொண்டே போய், கம்பத்தில் ஏறி, ஜாயின்ட் பாக்ஸைத் திறந்து மீட்டரைச் செருகிவிட்டு போன் போட்டார்.

"மைனஸ் 17 காட்டுது அண்ணாச்சி. ஃபைபருக்குள்ள லைட்டு பிரமாதமா இருக்கு. தெருவுலதான் லைட்டு இல்லை."

டிரான்ஸ்ஃபார்மர் போயிருந்தது. பச்சையாக நின்ற 3 வீடுகளில் இன்வெர்ட்டர் இருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

என்னை உறங்கவிடாதது அதற்குப் பிறகு நடந்தது. அந்த வண்ணத் திரையை மூடிவிட்டு, வீட்டு ஃபைபர்கள் எல்லாம் வந்து சேரும் தலைமைப் பெட்டியான ஓ.எல்.டி.க்குள் நேரடியாக நுழைந்து, கறுப்புத் திரையில் அதன் பதிவேட்டைப் படித்தேன். 58 வீட்டுப் பெட்டிகளும், ஒரே விநாடியில், ஒவ்வொன்றும் ஒரு செய்தி அனுப்பியிருந்தன. எங்கள் தொழிலில் அதற்கு டையிங் காஸ்ப் என்று பெயர். உயிர் போகும்போது இழுக்கும் கடைசி மூச்சு. மின்சாரம் நின்றதும் வீட்டுப் பெட்டிக்குள் இருக்கும் கெபாசிட்டரில் மிச்சமிருக்கிற துளி மின்சாரத்தில், கண்ணிமைக்கும் நேரத்துக்குள், 'எனக்குக் கரண்டு போகுது' என்று சொல்லிவிட்டு அணையும். ஃபைபர் அறுந்தால் இந்த மூச்சு வந்து சேராது, வர வழியே இல்லை. மின்வெட்டையும் ஃபைபர் வெட்டையும் பிரித்துச் சொல்லத்தான் இந்த ஏற்பாட்டையே தரநிலையில் எழுதி வைத்திருக்கிறார்கள். 58 பெட்டிகளும் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கின்றன. ஓ.எல்.டி. கேட்டுக் குறித்தும் வைத்திருக்கிறது. அதே கம்பெனி விற்ற நிர்வாக மென்பொருளுக்கு மட்டும் அது காதில் விழவில்லை. அதற்குத் தெரிந்தது இரண்டே சொல்: ஆன்லைன், ஆஃப்லைன்.

அந்த 58-உம் அணைந்த நேரத்தை மென்பொருளில் தேடினால், அலாரம் ராத்திரி பதினொன்றே காலுக்கு வந்ததாக எழுதியிருந்தது. அப்போது மணி ஒன்பதரைகூட ஆகவில்லை. அது இன்னும் தான் பிறந்த ஊர் நேரத்தில்தான் ஓடுகிறது, நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். நடக்கப்போவதை முன்கூட்டியே சொல்லும் நாடி ஜோசியம் போல ஒன்று என் ரேக்கில் இருக்கிறது என்று நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பதுண்டு. நேரத்தை மாற்றித் தரச் சொல்லிப் போட்ட புகார் 'தீர்க்கப்பட்டது' என்று முடித்துவைக்கப்பட்டது. அலாரம் இன்னமும் இரண்டரை மணி நேரம் முன்னால்தான் அடிக்கிறது.

என்னைப் போன்ற சின்ன இணையக்காரர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறோம். அப்பா காலத்தில் டிஷ் ஆன்டெனா வைத்து கேபிள் டி.வி. ஓட்டினோம், இப்போது அதே கம்பங்களில் ஃபைபர். என்னிடம் சுமார் 1,800 இணைப்பு. பணம் இருக்கும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கியதால் 3 கம்பெனி ஓ.எல்.டி. வந்து சேர்ந்துவிட்டன. ஆளுக்கொரு மென்பொருள். ஒன்று பழைய ஜாவா இருந்தால்தான் திறக்கும், அதற்கென்றே ஒரு பழைய கம்ப்யூட்டரை நைந்த வேட்டி மாதிரி காப்பாற்றி வருகிறேன். இன்னொன்றின் லைசென்ஸ் சர்வரின் நெட்வொர்க் கார்டு எண்ணோடு முடிச்சுப் போட்டது. மதர்போர்டு புகைந்தபோது லைசென்ஸும் சேர்ந்து புகைந்தது, இரண்டாம் தடவை பணம் கட்டினேன். மூன்றாவது, தன் கம்பெனிப் பெட்டியாக இருந்தால்தான் பெயர் சொல்லிக் கூப்பிடும், அடுத்தவன் பெட்டிக்கு வெறும் எண். விவர அகராதி மாதிரி ஒரு கோப்பு உண்டு, மிப் என்போம். அது கையில் இருந்தால் வேறு இலவச மென்பொருளை வைத்தாவது படித்துக்கொள்ளலாம். கேட்டால், "ரோட்மேப்ல இருக்கு சார்" என்கிறார்கள். எந்த ரோடு என்றுதான் தெரியவில்லை.

எல்லாவற்றையும் ஒரே திரையில் காட்டும் பெரிய மென்பொருள் உண்டு. விலை கேட்டேன். என் ஓ.எல்.டி.க்களைவிட அதிகம். அரியும் அரனும் ஒன்றாய் நிற்கும் கோலத்தைப் பார்க்க எங்கள் ஊர் கோமதியம்மனே தவம் கிடக்க வேண்டியிருந்தது. அவளுக்கு இரண்டே பேர்தான். எனக்கு மூன்று.

இந்தப் புலம்பலை எந்தச் சின்ன ஆபரேட்டரிடமும் கேட்கலாம். அந்தத் தபசு இரவுக்குப் பிறகு என்னைப் பிடித்துக்கொண்டது வேறு. மாதம் ஒரு ஞாயிறு சைவ சித்தாந்த வகுப்புக்குப் போகிறேன். அதற்கு முந்திய மாதம்தான் அளவை நடந்திருந்தது. ஒன்றை 'அறிந்தேன்' என்று எதைக் கொண்டு சொல்லலாம் என்ற கணக்கு. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் சுபக்கத்தை இதில்தான் தொடங்குகிறார். காண்டல், கருதல், உரை, அபாவம் என்று பிறர் பத்து வரைக்கும் எண்ணுவதைச் சொல்லி, முதல் மூன்றுக்குள் எல்லாம் அடங்கும் என்கிறார். வகுப்பில் இது எனக்கு அறுவையாக இருந்தது. கடவுளைப் பற்றிச் சொல்லச் சொன்னால் தராசைப் பற்றிப் பேசுகிறார்களே என்று நினைத்தேன். ஆஃப்லைன் என்ற சொல்லை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ராத்திரியில்தான் தராசு ஏன் முதலில் என்று உறைத்தது.

மென்பொருள் எப்படி ஒரு பெட்டியைச் செத்தது என்று தீர்மானிக்கிறது? 5 நிமிடத்துக்கு ஒருமுறை கேள்வி கேட்கும், போல் பண்ணுவது என்போம். கேட்கும் மொழி எஸ்.என்.எம்.பி., 1988-இல் வந்தது. அது வழக்கமாகப் போவது யு.டி.பி. என்ற வழியில். சாதாத் தபால் மாதிரி, ஒப்புகைச் சீட்டு கிடையாது. கேள்வி வழியில் தொலையலாம். பதில் தொலையலாம். பெட்டி வேறு வேலையில் மூச்சுமுட்டிக் கிடக்கலாம், அதன் முதல் கடமை வாடிக்கையாளரின் போக்குவரத்து, நமக்குப் பதில் சொல்வது கடைசி. யாரோ கடவுச்சொல்லை மாற்றியிருக்கலாம். இத்தனையும் கடந்து பதில் வந்தால், பெட்டி உயிரோடு இருக்கிறது. வராவிட்டால்?

புகை இருந்தால் நெருப்பு இருக்கும், அடுக்களையில் பார்த்திருக்கிறோம். தருக்க நூல்காரர்கள் இதோடு நிறுத்தாமல், புகை இல்லாவிட்டால் நெருப்பு இல்லை என்று சொல்லிவிடாதே என்றும் எச்சரிக்கிறார்கள். உலையில் பழுக்கக் காய்ச்சிய இரும்புருண்டையை உதாரணம் காட்டுவார்கள். நெருப்பு உண்டு, புகை இல்லை. மணிமேகலையில் அறவண அடிகள் சொல்லும் தருக்கப் பாடத்தில் ஏதுப்போலி என்று ஒரு பகுதி வரும், காரணம் போல வேஷம் போட்டு வருகிற பொய்க் காரணங்கள். அதில் அநைகாந்திகம் என்று ஒரு வகை. இந்தப் பக்கமும் பொருந்தும், அந்தப் பக்கமும் பொருந்தும், ஆகவே எதையும் நிறுவாது. பதில் வராமை செத்த பெட்டிக்கும் பொருந்தும், உயிரோடு இருக்கிற பெட்டிக்கும் பொருந்தும். என் மென்பொருள் 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு அநைகாந்திகத்தைச் சிவப்பு மையில் அச்சடிக்கிறது.

அபாவத்தில், அதாவது இல்லாமையை அறிவதில், இன்னும் நுட்பமாகப் போயிருக்கிறார்கள். 'இங்கே குடம் இல்லை' என்று எப்படித் தெரிகிறது? காணவில்லை, அதனால் இல்லை. சரி, ஆனால் ஒரு நிபந்தனையோடு. இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும் என்ற நிலை இருக்க வேண்டும். விளக்கு எரிய வேண்டும், கண் நன்றாக இருக்க வேண்டும், குடம் கண்ணால் காணத்தக்க பொருளாக இருக்க வேண்டும். இருட்டறையில் நின்றுகொண்டு குடம் இல்லை என்பவன் குடத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. காணாமை வேறு, இன்மை வேறு. இந்த ஒரு வரியைக் கோடாக எழுதத் தெரிந்தவன் அந்தக் கம்பெனியில் ஒருத்தன்கூட இல்லையா என்று எனக்கு ஆத்திரம்.

ஆத்திரம் இருக்கட்டும். அதே மென்பொருள் இன்னொரு நாள் செய்தது இதைவிடப் பெரிய பாவம். அதில் எனக்கும் பங்கு உண்டு.

ஊரிலிருந்து 11 கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமம். அங்கே ஒரு வீட்டு மாடியில் எங்கள் சின்ன ஓ.எல்.டி. இருக்கிறது. ஐப்பசி மாதம், சாயங்காலம் இடி. ஆறரைக்கு ஒரு அம்மா போன் பண்ணினார். அலுவலகப் பெண் திரையைப் பார்த்து, "இங்க எல்லாம் நல்லா இருக்கும்மா, உங்க ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்றாள். மறுபடி ஏழேகாலுக்கு. அதே பதில். எட்டு மணிக்கு நானே எடுத்தேன். திரையைப் பார்த்தேன். அந்த கிராமம் முழுக்கப் பச்சை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒளி அளவுகூடக் காட்டுகிறது, மைனஸ் 21.4, மைனஸ் 22.8 என்று புள்ளி வைத்து. புள்ளி வைத்த எண்ணுக்கு ஒரு மயக்கும் சக்தி உண்டு.

"எங்க ஸ்க்ரீன்ல லைன் நல்லா இருக்கும்மா" என்றேன்.

"உங்க ஸ்க்ரீன்ல இருக்குற நெட்டை வச்சு எம்மக அப்ளிகேஷன் போட முடியுமா தம்பி? இன்னைக்குத்தான் கடைசி நாளு."

அண்ணாச்சி போய்ப் பார்த்தபோது ஓ.எல்.டி.யின் பவர் சப்ளை கருகி நாறியது. அது செத்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. மென்பொருளுக்குள் கேள்வி கேட்கும் பகுதி எப்போதோ உறைந்துபோயிருந்திருக்கிறது. திரை மட்டும் கடைசியாகக் கிடைத்த விடைகளை, இப்போது கிடைத்தவை போல, அலுக்காமல் காட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணின் விண்ணப்பம் போகவில்லை. மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனேன். மகள் வெளியே வரவில்லை. அந்த அம்மா காபி கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லும் தைரியம்கூட எனக்கு இல்லை.

நம்பத்தக்கவர் சொல்லும் சொல்லும் ஓர் அளவை. அந்த இடத்தில் நம்பத்தக்கவர் யார்? அணைந்த விளக்கை எதிரே பார்த்துக்கொண்டு பேசிய அம்மா. நாங்கள் மூன்று முறை அவர் சொல்லைத் தள்ளி ஒரு படத்தை நம்பினோம்.

இதற்குப் பிறகு இந்த வகை மாயங்களைச் சேகரிக்க ஆரம்பித்தேன். பெட்டிகள் எத்தனை நாளாக ஓடுகின்றன என்று எண்ணும் கணக்கில் இடம் தீர்ந்துவிடும். 497 நாள் ஆனதும் மறுபடி பூஜ்யம். ஒன்றே கால் வருஷத்துக்கும் மேல் அசையாமல் உழைத்த பெட்டியை, 'இப்போதுதான் ரீஸ்டார்ட் ஆனது' என்று மென்பொருள் அலாரம் அடிக்கும். போக்குவரத்தை எண்ணும் பழைய 32 பிட் கணக்கு, ஒரு ஜிகாபிட் வழியில் முழு ஓட்டம் ஓடினால் 34 விநாடியில் ஒரு சுற்று நிரம்பிவிடும். 5 நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பவனுக்கு இடையில் எத்தனை சுற்று ஓடியது என்று தெரிய வழியில்லை. ஆனாலும் வரைபடம் வழவழவென்று வரும்.

எல்லாக் கருவியும் இப்படி இல்லை. 1994-இல் இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில், ஒரே ஒரு 64 கிலோபிட் இணைப்பு நெரிசலில் திணறியபோது, அங்கிருந்த டோபியாஸ் ஓட்டிக்கர் எம்.ஆர்.டி.ஜி. என்ற சின்னக் கருவியை எழுதினார். உலகத்தில் பாதி இணையக்காரர்கள் அதில்தான் கண் விழித்தோம். அவர் பிற்பாடு செய்த இன்னொன்றின் பெயர் ஸ்மோக்பிங். பதில்கள் ஒரே வேகத்தில் வராமல் முன்பின்னாகச் சிதறினால், கோட்டைச் சுற்றிப் புகை மாதிரி ஒரு மங்கல் படியும். எவ்வளவு மங்கலோ அவ்வளவு நிச்சயமின்மை. புகையும் நெருப்பும் வைத்து அளவை பேசியவர்கள் பார்த்தால் சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் இருளையும் ஆணவத்தையும் ஒப்பிடும் இடம் ஒன்று உண்டு. சாதாரண இருட்டு மற்ற பொருள்களை மறைத்தாலும், தான் இருப்பதைக் காட்டிவிடும். ஆணவமோ பொருளையும் மறைத்து, மறைத்துக்கொண்டிருக்கும் தன்னையும் மறைத்துவிடும். கரண்டு போன அறையில் நமக்குத் தெரிவது 'இருட்டாக இருக்கிறது' என்பது. அதனால் தடவித் தடவி நடக்கிறோம், தீப்பெட்டி தேடுகிறோம். அந்த ஐப்பசி சாயங்காலம் திரை அணைந்து கிடந்திருந்தால் ஆறரைக்கே அண்ணாச்சியை அனுப்பியிருப்பேன். அது பச்சையாக இருந்தது. தெரியவில்லை என்பதே தெரியாதபடி இருந்தது. ஆணவம் என்றால் திமிர் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன், நம் பேச்சுவழக்கு அப்படி. அந்த மென்பொருளுக்கு என்ன திமிர்? தன் இருளையே வெளிச்சம் என்று காட்டிக்கொண்டதுதான் அதன் ஆணவம். எட்டு மணிக்குப் போனை எடுத்த எனக்கும் அதுவேதான்.

ஸ்ப்ளைஸர் அண்ணாச்சி கறுப்புச் சட்டைக்காரர். கோயில் வாசலில் கம்பம் ஏறுவார், உள்ளே வர மாட்டார். நான் இப்படியெல்லாம் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுக்கொண்டே ஃபைபர் நுனியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் கேட்டார்:

"நீங்களுந்தான் தினமும் காலையில போயிப் போல் பண்ணுதிய. எத்தனை வருஷம்? ஒரு ரிப்ளையும் வரல. டவுன்னு எழுதிருவமா?"

"காணலைன்னா இல்லைன்னு ஆகாது அண்ணாச்சி. இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும்ங்கிற நிலைமை வேணும். அவன் கண்ணுக்குப் படுற பொருளே இல்லையே."

அது நான் இட்டுக்கட்டியதில்லை. புலனறிவாலும் உயிரின் சிற்றறிவாலும் பதியை, அதாவது இறைவனை, அறிய முடியாது, அவன் காட்டத்தான் காண முடியும் என்பது சித்தாந்தத்தின் அடிப்படை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அவர் ஸ்ப்ளைஸிங் மெஷினை மூடிவிட்டு நிதானமாகச் சொன்னார்: "சரி, சிவப்புன்னு எழுத வேண்டாம். ஆனா பச்சைன்னும் எழுதக் கூடாதுல்லா? நீங்க எழுதிருக்கிய."

ரொம்ப நேரம் என்னிடம் பதில் இல்லை. மெய்கண்டாரிடம் போய் ஆணவத்தின் வடிவம் என்ன என்று கேட்டாராம் பின்னாளில் அருணந்தியான சகலாகம பண்டிதர். மெய்கண்டார் அப்போது சிறுபிள்ளை. வாயைத் திறக்கவில்லை. கேட்டவரையே மேலும் கீழும் பார்த்தாராம். பண்டிதருக்குப் புரிந்துவிட்டது, அங்கேயே விழுந்து வணங்கினார். பதில் வராததே பதிலாக இருந்த இடம் அது. இந்தக் கதையை அண்ணாச்சியிடம் சொல்லி மறுபடி ஜெயிக்கலாமா என்று பார்த்தேன். ஆனால் பண்டிதர் அந்த மௌனத்தில் தனக்குச் சாதகமாக எதையும் படிக்கவில்லை. தான் அறியாதவன் என்பதைப் படித்தார். நான் என் பூஜையறை மௌனத்தில் ஒவ்வொரு முறையும் எனக்கு வேண்டிய பதிலையே படித்துவந்திருக்கிறேன். புதுக் கம்பம் நடலாமா, லோன் எடுக்கலாமா, பையனுக்கு அந்த இடத்தில் பெண் பார்க்கலாமா. எப்போதோ சின்ன வயதில், அம்மாவின் இடுப்பில் இருந்து பார்த்த தீபாராதனையில் கிடைத்த ஒன்றை, இன்று காலை கிடைத்ததுபோல் திரையில் போட்டுக்கொண்டிருக்கிறேனோ? எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கோயிலுக்குப் போவதை நிறுத்தவில்லை. நின்றுவிட்டு வருகிறேன். முன்பு போல உடனே வெளியே வந்து முடிவுகளை அறிவிப்பதில்லை.

மென்பொருள் விஷயம் இதைவிடச் சுலபம். என் அக்கா பையன் கம்ப்யூட்டர் படித்தவன், ஒரு மாதம் உட்கார்ந்து எங்களுக்கென்று ஒன்று எழுதித் தந்தான். அழகில்லை. பெட்டிகளின் பதிவேட்டை நேரடியாகப் படிக்கும். கடைசி மூச்சு வந்தால் 'கரண்டு இல்லை' என்று போடும். எல்லா வரியிலும் வலது ஓரத்தில் 'கடைசியாகப் பார்த்தது' என்று மணி காட்டும். 10 நிமிடம் தாண்டினால் பச்சையும் கிடையாது, சிவப்பும் கிடையாது, வரி சாம்பல் நிறமாகிவிடும். அண்ணாச்சி அதைப் பார்த்ததும், "விபூதி நிறத்துல வச்சிட்டு ஜெயிச்சுட்டமாதிரி இருக்காதிய" என்றார். சத்தியமாக நான் சொல்லி வைத்த நிறமில்லை. முதல் வாரம் திரையில் நிறையச் சாம்பல். இத்தனை நாள் எவ்வளவு தெரியாமல் தொழில் நடத்தியிருக்கிறோம் என்று பயமாகத்தான் இருந்தது.

போன மாதம் ஒரு ராத்திரி அந்த கிராமத்து அம்மாவே கூப்பிட்டார். என் குரல் அவருக்குத் தெரியும்.

"நெட்டு வரலை தம்பி. உங்க ஸ்க்ரீன்ல என்ன போட்டிருக்கு?" அதே குத்தல்.

"சாம்பல் கலரா இருக்கும்மா."

"அப்படீன்னா?"

"எனக்குத் தெரியலைன்னு அர்த்தம்மா. உங்க பெட்டியில என்ன லைட்டு எரியுதுன்னு பாத்துச் சொல்லுங்க."

அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் சத்தமில்லை. பிறகு அவர் போனைக் கீழே வைக்காமலே எழுந்து நடக்கும் காலடிச் சத்தம், எங்கேயோ குக்கர் ஒரு விசில். நான் பேனாவை எடுத்து வைத்துக்கொண்டேன்.